சைக்கிளுக்கு ஒரு கோடு

சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கள் சைக்கிள்காரர்களுக்கு அறிவிப்புப் பலகை தயாரிப்பதை, பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பல வருஷம் பார்த்தவள் நான். அதனால் இந்த விஷயத்தை மரியாதையான வார்த்தைகளில் சொல்ல எனக்கு வராது. வரவும் வேண்டாம்.

தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்த தொண்ணூற்று மூன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊர்ச் சாலைகளைப் பார்த்துக்கொள்கிற ஓர் அலுவலகம். எது என்று சொல்லப்போவதில்லை. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிற நாலு பேருக்கு ரத்த அழுத்தம் ஏறுவானேன். எனக்கு டிராஃப்ட்ஸ்மேன் வேலை. பொறியாளர்கள் துண்டுக் காகிதத்தில் கிறுக்கிக் கொடுப்பதை அளவு பிசகாமல் டிரேசிங் பேப்பரில் வரைந்து கொடுக்க வேண்டும். அந்த அலுவலகத்தில் சைக்கிளில் வேலைக்கு வந்தது இரண்டே பேர். ஒருவர் வாட்ச்மேன், இன்னொருத்தி நான்.

புது மாவட்டம், புது அதிகாரிகள், புது ஜீப். ஜீப் வந்ததுமே எங்கள் ஆட்களுக்கு ஊரில் எதுவுமே ஒழுங்காக இல்லை என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. முக்கியமாகச் சைக்கிள்கள். அப்போதிருந்த உதவிப் பொறியாளர் ஒருநாள் ஒரு வாசகத்தை எழுதிக்கொண்டு வந்து என் மேஜையில் போட்டார். "மிதிவண்டி மற்றும் இதர மெதுவாகச் செல்லும் வாகனங்களில் பயணிப்போர், கனரக வாகனங்களுக்கு இடையூறு விளைவிக்காவண்ணம் சாலையின் இடது ஓரமாகச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." அதன் கீழே அலுவலகத்தின் பெயர், வாசகத்தைவிடப் பெரிய எழுத்தில். பலகையின் உயரம் ஒன்பதடி.

"சார், இதப் படிக்கணும்னா சைக்கிள்ல இருந்து இறங்கி ஸ்டாண்டு போட்டுட்டுத்தான் படிக்கணும்" என்றேன். "சைக்கிள்ல போறவங்க மேல பாக்க மாட்டாங்க சார். பள்ளத்தப் பாத்துக்கினு கீழ குனிஞ்சேதான் போவாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க கோடு மட்டும் போடுங்கம்மா. யோசனை எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்."

கோடு போட்டுக் கொடுத்தேன். பலகை நட்டார்கள். ஜீப்பில் உட்கார்ந்து பார்த்தால் அருமையாகத் தெரிந்தது. பெருமையாக இரண்டு தடவை முன்னும் பின்னும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சைக்கிளில் போன ஒருவர்கூட அதை நிமிர்ந்து பார்த்ததை நான் பார்க்கவில்லை. அடுத்த மாதமே அதன்மேல் காதணி விழா போஸ்டர் ஒட்டினார்கள். பலகையின் காலில் யாரோ ஓர் எருமையைக் கட்டினார்கள். அந்தப் பலகையால் நன்மை அடைந்த ஒரே ஜீவன் அந்த எருமைதான்.

இது ஒரு மாதிரிக்குச் சொன்னேன். இந்த மாதிரி எத்தனையோ. வளைவுக்கு முன்னால் வைக்க வேண்டிய எச்சரிக்கையை வளைவு தாண்டி வைத்த மேதாவி ஒருவர் இருந்தார். கேட்டால், முன்னால் வைக்கக் குழி தோண்டினால் பாறை வந்துவிட்டது என்பார். இந்த மூளைக்குத்தான் மேஜை, விசிறி, ஜீப், டிரைவர், சல்யூட் எல்லாம். வயிறு எரியும் எனக்கு. ஆனாலும் முதல் பத்து வருஷம் அது வெறும் எரிச்சல்தான். சம்பளம் வாங்குகிற எல்லோருக்கும் இருக்கிற எரிச்சல். அது என் வீட்டு விஷயமாக ஆனது திண்டிவனத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு.

என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மில்லில் எடை போடுகிறவர் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் மல்லாட்டை). கல்யாணமாகி ஐந்தாம் வருஷம், தோல் உடைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் நின்றவர் கண்ணில் என்னவோ தெறித்துவிட்டது. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். வலது கண் போயிற்று. இடது கண் நன்றாக இருக்கிறது, எடையெல்லாம் கூட்டாமல் குறைக்காமல் படிப்பார், மில்லில் வேலையும் போகவில்லை. ஆனால் வீட்டிலிருந்து மில்லுக்கு மரக்காணம் ரோட்டில் ஒரு மைலுக்கு மேல் போக வேண்டும். சைக்கிள்தான். மோட்டார் வண்டி ஓட்ட அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவருக்கு மனசு வரவில்லை. டவுன் பஸ்ஸோ அது நினைத்த நேரத்துக்கு வரும்.

நம் ரோட்டில் சைக்கிள் இடது பக்கம் போகும். பஸ்ஸும் லாரியும் வலது பக்கமாக உரசிக்கொண்டு போகும். அதாவது அவருக்குக் கண் இல்லாத பக்கம். ஹாரன் அடித்தால்தான் வண்டி வருவதே தெரியும். அடித்ததும் முகத்தை மொத்தமாக வலது பக்கம் திருப்பிப் பார்ப்பார். முகம் திரும்பினால் ஹேண்டில் பாரும் கூடவே திரும்பும். சைக்கிள் வண்டிக்கு நேராகப் போகும். இரண்டு தடவை விழுந்து முழங்கை பெயர்ந்து வந்தார். ஒரு தடவை ஒரு தனியார் பஸ் அவருடைய ஹேண்டில் பாரைத் தட்டிவிட்டுப் போயே போய்விட்டது. சட்டை கிழிந்து, சாக்கடைச் சேற்றோடு வீட்டு வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து நான் அழவில்லை. திட்டினேன். பஸ்காரனை, ரோட்டை, எங்கள் ஆபீசை, அவரைக்கூடத் திட்டினேன்.

"நீயேதான ரோட்டு ஆபீசு. ஒன்னும் பண்ண முடியலியா உன்னால?" என்றார் சேற்றைக் கழுவிக்கொண்டே. கேலியாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

தினமும் காலை எட்டரைக்கு அவர் கிளம்புவார். ஒன்பது மணிக்கு மில் சங்கு ஊதும் வரைக்கும் எனக்கு வேலை ஓடாது. அப்படியே இரண்டு மூன்று வருஷம் போயிற்று.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்த பிறகு காலையில் மரக்காணம் ரோடு முழுக்கச் சைக்கிளாக ஆயிற்று. அதற்கும் சில வருஷம் கழித்து மேலே இருந்து ஒரு கடிதம் வந்தது. ஏதாவது ஒரு சாலையில் சைக்கிளுக்குத் தனிப் பாதை கோடு போட்டுப் பார்க்க வேண்டும். பெரிய பொறியாளர் நேரில் வந்து பார்ப்பார். ஜனங்கள் அதில் போனால் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம், போகாவிட்டால் அழித்துவிட வேண்டும். மரக்காணம் ரோடு என்று நானே எழுதி, வரைபடம் வைத்து, அப்போதைய உதவிப் பொறியாளரின் மேஜையில் வைத்தேன்.

இந்த உதவிப் பொறியாளர் வேறு தினுசு. இளைஞர். காரில் வருவார், காரிலேயே போவார். சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தே இருக்கமாட்டார் என்று அடித்துச் சொல்வேன். எங்கேயோ பயிற்சி வகுப்பில் கொடுத்த வெளிநாட்டுப் படங்களைக் கொண்டுவந்து பரப்பினார். பச்சைப் பாதை, அதில் முதுகை வளைத்து, தலையில் ஹெல்மெட் போட்டு ஒருவன் பறக்கிறான்.

"இந்த மாதிரி ஒரு ஆளை வரைஞ்சிடுங்க மேடம். செம லுக்கா இருக்கும்."

"நம்ம ஊர்ல தலையில குண்டானைக் கவுத்துக்கினு சைக்கிள்ல போறவன் கல்யாணச் சமையல்காரன்தான் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் போட்டோ எடுத்து மேலே அனுப்ப வேண்டும் என்கிற ஆசை அவருக்கு இருந்ததால், வரைகிற வேலையை என்னிடம் விட்டுவிட்டார். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு மட்டும் அவருக்கு நன்றி சொல்வேன்.

தரையில் வரைகிற படம் காகிதத்தில் வரைகிற மாதிரி அல்ல. காகிதத்தை நாம் மேலிருந்து பார்க்கிறோம். ரோட்டை, சைக்கிளில் உட்கார்ந்து படுக்கை வாட்டத்தில் பார்க்கிறோம். எங்கள் தேவாலயத்துக்குப் பின்னால் பள்ளிக்கூடச் சிமென்ட் மைதானம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கே போய் சாக்பீஸால் ஒரு சைக்கிள் வரைந்தேன். என் வீட்டுக்காரர் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவார். படம் இன்னதென்று தெரிந்ததும் கத்த வேண்டும். அங்கிருந்து படம் வரைக்கும் நான் அடி எண்ணுவேன்.

முதல் தடவை படத்தின் மேலேயே வந்து நின்றுவிட்டார்.

"இன்னாங்க, கத்தவே இல்ல?"

"இது இன்னா, மூக்குக் கண்ணாடியா?" என்றார்.

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் அமுங்கிப்போய் அப்படித்தான் தெரிந்ததாம். சிரித்து சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. அழித்துவிட்டு, பரோட்டா மாவை இழுக்கிற மாதிரி படத்தை நீளவாக்கில் இழுத்து வரைந்தேன். பக்கத்தில் நின்று பார்த்தால் கோணலாக, அசிங்கமாக இருந்தது. தூரத்திலிருந்து வந்தவர் பாதி மைதானத்திலேயே "இப்பத் தெரியுது! சைக்கிளு! சைக்கிளு!" என்று கத்தினார். மூன்று ஞாயிறு இப்படிப் போயிற்று. ஒரு கண்ணுக்குத் தெரிந்தால் இரண்டு கண்ணுக்கும் தெரியும் என்பதுதான் என் கணக்கு. எழுத்தே வேண்டாம், பலகையே வேண்டாம், தரையில் இரண்டு சக்கரமும் ஒரு ஹேண்டில் பாரும் போதும் என்று முடிவு செய்தேன்.

பெயின்டர் வந்தார். கேட்க வேண்டுமா. நான் மதியம் சாப்பிடப் போன நேரத்தில் முதல் படத்தை முடித்து வைத்திருந்தார். பெல், டைனமோ, கேரியர், செயின் கவர் எல்லாம் இருந்தன. கண் திருஷ்டிக்கு ஹேண்டில் பாரில் ஓர் எலுமிச்சம்பழம் வேறு தொங்கியது.

"இன்னாய்யா இது?"

"அழகா இருக்குதே மேடம்."

"அழகு யாருக்குய்யா வேணும்? அம்பது அடி முன்னாடியே தெரியணும். உன் எலுமிச்சம்பழத்த யார் பாக்கப் போறாங்க?"

முறைத்துக்கொண்டே அழித்தார். என் படத்தை வரைந்துவிட்டு, "இதுக்கு ஒரு பெயின்டர் வேற" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. விழட்டும்.

போகிற பக்கமும் வருகிற பக்கமும் ரோட்டின் இடது ஓரத்தில் நாலரை அடி விட்டு நீளமாக வெள்ளைக் கோடு. தொடக்கத்திலும் முடிவிலும் தரையில் சைக்கிள் படம். இவ்வளவுதான் பாதை. பஸ்காரர்கள் கோட்டைத் தாண்டி வராமல் இருக்க முதல் வாரம் ஒரு போலீஸ்காரரை நிறுத்தி வைத்தார்கள். பஸ்காரர்கள் தாண்டவில்லை. அதுவே எனக்கு அதிசயமாக இருந்தது.

முதல் நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து சைக்கிளை நிறுத்திவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு ஒரு தபாகூடத் தலையத் திருப்பல" என்றார். "நேரா பாத்துக்கினே போனேன், நேரா பாத்துக்கினே வந்தேன். வழியில இன்னின்ன கடை இருக்குதுன்னு இன்னிக்குத்தான் பாத்தேன்."

எனக்கு வேறென்ன வேண்டும்? மேலே இருந்து எந்தப் பெரிய பொறியாளர் வந்து என்ன சொன்னால் என்ன என்று அப்போது தோன்றிற்று. அது தப்பு. ஏனென்றால் அந்தப் பாதைக்குள் போனது அவர் ஒருவர்தான்.

மற்ற ஒரு ஜென்மமும் உள்ளே வரவில்லை. நான் போய் ரோட்டோரத்தில் நின்று பார்த்தேன். பால்காரர், மீன்காரர், மில்லுக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் என் கோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸோடு முட்டிக்கொண்டு போகிறார்கள், இல்லையென்றால் இந்தப் பக்கம் மண்ணில் இறங்கிப் போகிறார்கள். நடுவில் நாலரை அடி பாதை துடைத்துவிட்ட மாதிரி காலியாகக் கிடக்கிறது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இந்த ஜனங்களுக்கு ஆபீசர்களே தேவலை என்றுகூட நினைத்தேன். மடையர்கள், தானாக வந்த நல்லதைக்கூடத் தொடத் தெரியாதவர்கள், பஸ் ஏறிச் செத்தால்தான் புத்தி வரும் என்று மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேரியரில் மீன் பெட்டி கட்டிப் போன ஒருவரை மறித்தேன்.

"ஏங்க, இவ்ளோ பெரிய பாதை இருக்குதே. அதுல போனா இன்னா?"

அவர் ஒரு காலை ஊன்றி நின்று, ரோட்டின் முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"யாரு வர்றாங்கம்மா?" என்றார்.

"யாரும் வரல. ஏன்?"

"கோடு போட்டுக்கிறாங்களே. மினிஸ்டரு யாருனா வர்றாங்க போலன்னு நினைச்சேன். அத மிதிச்சிக்கினு போயி போலீசுகிட்ட யாரு அடி வாங்குறது? பேஜாரு." பெட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டு மண்ணில் இறங்கிப் போய்விட்டார்.

அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்றால் விடியற்காலையிலேயே ரோட்டின் இரண்டு ஓரத்திலும் சுண்ணாம்புத் தூளால் கோடு இழுத்துவிடுவார்கள். கோடு இருந்தால் ஒதுங்கி நில். கோட்டை மிதிக்காதே. சின்ன வயசிலிருந்து எல்லோருக்கும் தெரிந்த ஒரே சாலை விதி அதுதான். நானே எத்தனை தடவை அந்தக் கோட்டைப் பார்த்துச் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன்! அடி அளந்து, படத்தை இழுத்து, பெயின்டரைத் திட்டி, எல்லாம் தெரிந்தவள் மாதிரி நான் வரைந்தது ஒரு மந்திரிக் கோடு. மீன்காரரை மடையர் என்று நினைத்த வாயால் என்னையே திட்டிக்கொண்டேன்.

உதவிப் பொறியாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடிந்ததும், மஞ்சள் பெயின்ட் வேண்டும் என்ற என் கோரிக்கையை, எஸ்டிமேட்டில் இல்லை என்று தள்ளிவிட்டார். சரி என்று இருப்பதை வைத்து யோசித்தேன். சுண்ணாம்புக் கோடு எப்போதும் விடாமல் நீளமாகத்தான் இருக்கும். அதனால் என் கோட்டை இரண்டடிக்கு ஒருமுறை கறுப்படித்துத் துண்டு துண்டாக ஆக்கினேன். ஐம்பது தப்படிக்கு ஒரு சைக்கிள் படம் போட வைத்தேன். பெயின்டர் இந்தத் தடவை நான் சொன்னதை மட்டும் வரைந்தார்.

முதலில் உள்ளே வந்தது பிளஸ் ஒன் பெண்கள். யாருக்கும் பயப்படாத வயசு. இரண்டு பேர் மூன்று பேராக, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டுக்கொண்டு, என் படங்களின் மேல் ஏறிப் போனார்கள். அவர்களைப் பார்த்துப் பால்காரர்கள் வந்தார்கள். பிறகு மில்காரர்கள். மூன்றாவது வாரம் அந்த மீன்காரரே உள்ளே மணி அடித்துக்கொண்டு போனார். காலை எட்டரை மணிக்கு அந்த நாலரை அடிக்குள் சைக்கிள் சைக்கிளாக ஓடும். நான் டீக்கடை ஓரமாக நின்று பார்ப்பேன். கூட்டத்துக்கு நடுவே என் வீட்டுக்காரர் நேராகப் பார்த்துக்கொண்டு போவார். அந்த ஒரு மாதம் மில் சங்குக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்காரவில்லை.

பெரிய பொறியாளர் வருகிற தேதி வந்தது. காலை எட்டரைக்கே வரச் சொல்லுங்கள், அப்போதுதான் கூட்டத்தைப் பார்ப்பார் என்று நானே கேட்டு வாங்கினேன். முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்காரரிடம், "நாளைக்குக் காலைல எட்டரைக்குப் பெரிய ஆபீசர் கோட்டப் பாக்க வர்றாரு" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மறுநாள் ஜீப்பில் முன் சீட்டில் பெரிய பொறியாளர். பின்னால் உதவிப் பொறியாளரும் நானும். இத்தனை வருஷ சர்வீசில் ஆபீஸ் ஜீப்பில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை. இடது ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். மரக்காணம் ரோட்டில் திரும்பியதும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். என் துண்டுக் கோட்டின் மேலேயே, இடைவெளி எல்லாம் நிரம்பி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பளீரென்று சுண்ணாம்பு.

"என்ன சார் இது?" என்று உதவிப் பொறியாளரிடம் கிசுகிசுத்தேன். "நான் சொன்னேனே!"

"பெரியவர் வர்றாரு மேடம். சுண்ணாம்பு போடாம எப்படி?" என்றார். இந்த ஆளைப் படிக்க வைத்த காசில் ஊருக்கு ஒரு கிணறு வெட்டியிருக்கலாம்.

பாதை காலியாகக் கிடந்தது. பால்காரர்கள், பெண்கள், மில்காரர்கள் எல்லோரும் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மண் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையின் முன்னால் என் வீட்டுக்காரர் நின்றார். ஒரு கையால் சைக்கிளைப் பிடித்தபடி, மற்ற கையால் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை அவிழ்த்துக் கணுக்கால் வரைக்கும் இறக்கிவிட்டார். முன் சீட்டைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டார். ஜீப் அவருடைய வலது பக்கமாகப் போனது. அவருக்கும் எனக்கும் நடுவில் அந்த நாலரை அடிப் பாதைதான். அவருக்கு நான் தெரியவில்லை.

"ஒருத்தன்கூட உள்ள போகலையேய்யா" என்றார் பெரிய பொறியாளர்.

"இந்த ஜனங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது சார்" என்றார் உதவிப் பொறியாளர்.

பெரியவர் திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்கதானேம்மா வரைஞ்சீங்க? நீங்க என்ன சொல்றீங்க?"

சார், வண்டியை நிறுத்துங்கள், அது சுண்ணாம்பு, அதனால்தான் இறங்கி நிற்கிறார்கள், அதோ லுங்கியோடு நிற்கிறாரே அவர் என் வீட்டுக்காரர், அவருக்கு ஒரு கண் இல்லை, அவரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிஷம் போதும். பெரிய பொறியாளர் ஒருவர் என்னிடம் மரியாதையாக அபிப்பிராயம் கேட்கிறார், பக்கத்தில் உதவிப் பொறியாளர் என் வாயைப் பார்க்கிறார், அந்த நேரத்தில் லுங்கியைக் காட்டி என் வீட்டுக்காரர் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு ஒரு காரணமும் இல்லை.

"ஜனங்களுக்கு இன்னும் பழக்கம் வரலைங்க சார்" என்றேன்.

அன்று சாயங்காலம் அவர் வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா சொன்னாரு ஆபீசரு? கோடு சுத்தமா இருந்துச்சா? எட்டு மணிக்கே போயி நின்னுட்டேன். டயரு அழுக்குப் படக்கூடாதுன்னு எல்லாரையும் நான்தான் இறங்கச் சொன்னேன். அந்தப் பொம்பளைப் பசங்ககூட வாய் பேசாம இறங்கிடுச்சுங்க. உங்க ஊட்டம்மா போட்ட கோடா அண்ணான்னு பால்காரர் கேட்டாரு."

சுண்ணாம்புக்குப் பயந்துதான் இறங்கினார்கள் என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். "நல்லா இருக்குதுன்னு சொன்னாரு" என்றேன். அவர் கை கால் கழுவ உள்ளே போனார். போகும்போது என்னவோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. எங்கிருந்து எங்கே வரைக்கும் அழிக்க வேண்டும் என்று வரைபடம் போட வேண்டுமே, அதை நான்தான் போட்டேன். இரண்டே நாளில் கறுப்பு அடித்து முடித்தார்கள்.

அன்று அவர் வீட்டுக்கு வந்தபோது முழங்கையில் தோல் உரிந்திருந்தது. நான் துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன்.

"நல்லா இருக்குதுன்னு சொன்னாருன்னியே" என்றார். "அப்புறம் ஏன் அழிச்சாங்க?"

"அப்படி சொல்லலைங்க. யாருமே அதுல போகலைன்னு சொன்னாரு."

"நாங்க போய்க்கினுதான இருந்தோம்? உனக்காகத்தான அன்னிக்கு ஒரு நாள் இறங்கி நின்னோம். அதச் சொல்ல அங்க யாருமே இல்லியா?"

"நான் இருந்தேன்" என்றேன். "ஜீப்புல பின்னால நானும் இருந்தேன்."

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "என்னப் பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேன்" என்றேன்.